நெற்றிக்கண்ணும் வில்லும்: சப்ரகமுவவில் வழங்கும் தெய்வ எதிர்ப்புக் கதைகள் இரண்டு

தெய்வங்களின் கருணையைப் போற்றும் கதைகள் எல்லாச் சமுதாயங்களிலும் உள. அவற்றோடு அருகருகே, தெய்வங்களின் கொடுமையைக் கூறி, அக்கொடுமையை எதிர்த்து நின்றோரைப் பாடும் கதைகளும் வழங்கி வருகின்றன. பக்திக் கதைகளை மக்கள் பேணி வைத்தமைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஆனால், தாம் வணங்கும் தெய்வத்தையே குற்றவாளியாக்கி நிறுத்தும் கதையை மக்கள் ஏன் பேணுகின்றனர்? அக்கதையில் எதிர்த்தவன் வென்றானா, வீழ்ந்தானா? அம்முடிவு, கதையைச் சொல்லும் மக்களின் வாழ்வு பற்றி வரலாற்று மாணவனுக்கு ஏதேனும் சான்று தருமா? இவ்வினாக்களை முன்வைத்து, இரத்தினபுரி மாவட்டத்துக் கலவான போன்ற பகுதிகளில் மலைமேலும் மலையடியிலும் வாழும் இருவேறு மக்களிடையே வழங்கும் இரு கதைகளை ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உலக இலக்கியத்தில் இப்பொருளைக் கூறும் மிகப் பழைய நூல்களுள் ஒன்று, பாபிலோனியரின் அத்ரகாசிஸ் காப்பியம். கி.மு. 17ஆம் நூற்றாண்டளவில் களிமண் ஏடுகளில் எழுதப்பட்ட இதனை, லம்பேட், மிலாட் என்னும் அறிஞர் இருவர் 1969இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தனர். மனிதன் தோன்றுவதற்கு முன்னர் சிறு தெய்வங்களே ஆறும் வாய்க்காலும் வெட்டிச் சுமை சுமந்தன என இந்நூல் தொடங்குகிறது. நெடுங்காலம் உழைத்துச் சலித்த அவை, ஓர் இரவில் தம் கருவிகளைத் தீயிலிட்டு எரித்துவிட்டுத் தலைமைத் தெய்வமாகிய என்லிலின் வாயிலை முற்றுகையிட்டன. உலக இலக்கியத்திற் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுவெனக் கூறினும் மிகையாகாது. பெருந்தெய்வங்கள் கண்ட தீர்வு யாது? ஒரு தெய்வத்தைக் கொன்று, அதன் தசையையும் குருதியையும் களிமண்ணோடு பிசைந்து மனிதனை ஆக்கி, அச்சுமையை அவன் தலையில் ஏற்றினர். பின்னர் மனிதரின் இரைச்சல் தன் உறக்கத்தைக் கெடுக்கிறதென்று சினந்த என்லில், கொள்ளைநோயையும் வறட்சியையும் பஞ்சத்தையும் ஈற்றில் வெள்ளத்தையும் ஏவினான். உழைப்பதற்காகவே படைக்கப்பட்ட ஓரினம், உழைக்கும்போது ஓசை எழுப்பியமைக்காகவும் தண்டிக்கப்படுகிறது. தோட்டத்து வாழ்வை அறிந்த எவருக்கும் இக்கதை அந்நியமாகத் தோன்றாது.

கிரேக்கரின் புரொமீதியஸ் கதை இதனினும் பெயர்பெற்றது. மனிதருக்காக நெருப்பைக் கவர்ந்து வந்த புரொமீதியஸ், சியுஸ் என்னும் தெய்வ அரசனின் ஆணையாற் பாறையிற் பிணிக்கப்பட்டான். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஈஸ்கிலசின் பெயரால் வழங்கும் நாடகம், பிணிப்புண்டவன் வாயாலேயே தெய்வத்தின் கொடுங்கோன்மையை விசாரிக்கிறது. தெய்வம் வலியது, ஆயினும் நீதி அதன் பக்கம் இல்லை என்பதே அந்நாடகத்தின் அடிநாதம். வலிமையையும் நீதியையும் பிரித்துப் பார்க்கும் இப்பார்வையே தெய்வ எதிர்ப்புக் கதைகள் அனைத்துக்கும் உயிர்நிலை எனலாம்.

தமிழ் மரபும் இதற்கு விலக்கன்று. சிவபெருமானே புலவனாக வந்து வாதிட்டு, நெற்றிக்கண்ணைக் காட்டியபோதும் பாட்டின் குற்றத்தைக் குற்றமென்றே கூறி நின்ற நக்கீரர் கதையைத் திருவிளையாடற் புராணம் பேசுகிறது. கண்ணின் வெம்மை தாங்காது பொற்றாமரைக் குளத்தில் வீழ்ந்த பின்னரே அவர் பணிகிறார். சிலப்பதிகாரத்துக் கண்ணகியும் ஞாயிற்றை விளித்து வழக்குரைக்கிறாள். கணவன் குற்றமின்றிக் கொலையுண்ட ஊரில் தெய்வம் என ஒன்று உண்டா என்றே ஐயுற்று வினவுகிறாள். அதே கண்ணகி, புகார் நகரில், காமவேள் கோட்டத்தைத் தொழுதாற் கணவனை மீளப் பெறலாமெனத் தேவந்தி கூறியபோது, அது தனக்குப் பெருமையன்று என மறுத்தவள். கண்ணகியையும் காமனையும் ஒரே காட்சியில் வைக்கும் அப்பகுதியை நினைவிற் கொள்ளுதல் நன்று. ஏனெனில், சப்ரகமுவவின் இரு கதைகளுள் ஒன்று காமனுடையது, மற்றையது கண்ணகியுடையது.

கலவான, சிங்கராஜ வனத்தின் வடபுறத்தே அமைந்த மழைவளம் மிக்க பிரதேசம். களுகங்கையோடு கலக்கும் குக்குளே கங்கை இப்பகுதியினூடாகச் செல்கிறது. தேயிலையும் இறப்பரும் இங்கு அடுத்தடுத்து விளைகின்றன. நுவரெலியாப் பகுதியைப் போலத் தோட்டங்கள் இங்கே தொடர்ச்சியான பரப்பாக அமையவில்லை. சிங்களக் கிராமங்களுக்கும் சிறுநிலத் தேயிலைக் காணிகளுக்கும் இடையே அவை தீவுகள் போற் சிதறிக் கிடக்கின்றன. ஆதலின், லயத்திலே தப்பு முழங்கும்போது கிராமத்தார் கேட்பர். கிராமத்திலே பறை முழங்கும்போது லயத்தார் கேட்பர். ஒருவர் ஓசையை மற்றவர் கேட்கும் தூரத்தில் வாழ்ந்தும், ஒருவர் கதையை மற்றவர் அறியாதிருத்தல் இப்பகுதியின் இயல்பாயிற்று. இப்பகுதித் தோட்டமொன்றில் வளர்ந்த எமக்கும், கிராமத்தாரின் கதை பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்த பின்னரே தெரியவந்தது.

முதலில் தோட்டத்துக் கதையை நோக்குவோம். மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து 19ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்கும் கொண்டுவரப்பட்ட மக்கள், தம்மோடு காமன் கூத்தையும் கொணர்ந்தனர். மாசி மாதத்து வளர்பிறையிலே தொடங்கும் இவ்விழாவிற் கரும்பு, ஆமணக்கு, வைக்கோல், வறட்டி முதலியன சேர்த்துக் காமன் கம்பம் நாட்டப்படும். வேடம் ஏற்போர் காப்புக் கட்டி விரதம் காப்பர். ரதி வேடத்தையும் ஆடவரே ஏற்பர். ரதியும் மதனும் லயந்தோறும் சென்று ஆடுவர். இறுதி இரவில் இந்திரன், தூதன், வீரபத்திரன், எமன், காளி முதலான பாத்திரங்கள் வரிசையாகத் தோன்ற, விடியுமுன் காமன் எரிக்கப்படுவான்.

கதை யாவரும் அறிந்ததே. தக்கன் மகளை இழந்த சிவன் யோகத்தில் அமர்கிறான். சூரரின் கொடுமை தாங்காத தேவர்களுக்குச் சிவகுமாரன் ஒருவன் பிறந்தாலன்றி விடிவில்லை. யோகத்தைக் கலைக்குமாறு இந்திரன் காமனுக்கு ஆணையிடுகிறான். ரதி தடுக்கிறாள். காமன் போகிறான். மலரம்பு பாய்கிறது. நெற்றிக்கண் திறக்கிறது. காமன் சாம்பலாகிறான். ரதி சிவனிடம் நீதி கேட்டுப் புலம்புகிறாள். ஈற்றிற் காமன் உயிர் பெறுகிறான், ஆயினும் ரதியின் கண்ணுக்கு மட்டுமே புலனாவான் என்பது வரம்.

கச்சியப்பரின் கந்தபுராணத்திலும் இந்நிகழ்ச்சி காமதகனப் படலமாக உள்ளது. அதற்கு முன்னர்க் காளிதாசனின் குமாரசம்பவம் நான்காம் சருக்கம் முழுவதையும் ரதியின் புலம்பலுக்கு ஒதுக்கியது. காமனை எரித்த தலமாக மயிலாடுதுறையை அடுத்த திருக்குறுக்கை அட்டவீரட்டங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது. ஆயின் புராணத்திற்கும் கூத்திற்கும் ஒரு வேறுபாடு உண்டு. புராணத்திற் காமதகனம் ஒரு படி மட்டுமே. அதனைக் கடந்து உமை திருமணமும் முருகன் பிறப்பும் சூரன் வதையும் தொடர்கின்றன. காமன் இறந்தமைக்கு அவை பொருள் தருகின்றன. கூத்தோ காமனோடு தொடங்கிக் காமனோடு முடிகிறது. தேவர்களின் விடுதலை அங்கே காட்சியாக வருவதில்லை. யாருக்காகக் காமன் மாண்டானோ அவர்களின் வெற்றியை லயத்து மக்கள் ஆடிக் காட்டவில்லை. மாண்டவனையும் அவன் மனைவியையும் மட்டுமே ஆடிக் காட்டினர். நீண்ட கதையொன்றிலிருந்து ஒரு பகுதியைத் தெரிந்தெடுத்து, அதனையே முழுக் கதையாக்கிய இத்தெரிவு, வரலாற்று மாணவனின் கவனத்துக்குரியது.

இத்தெரிவினாற் கதையின் பொருளே மாறுகிறது. காமன் தேவருள் ஒருவனே ஆயினும், கூத்திலே அவன் ஓர் ஏவலாள். தன் விருப்பாற் சிவனை எதிர்க்க அவன் புறப்படவில்லை. ஆணையிட்டவன் இந்திரன், எரித்தவன் சிவன், எரிந்தவன் காமன். ஆணையை மறுத்தாலும் தண்டனை, நிறைவேற்றினாலும் தண்டனை. மேலிருந்து துரையும், இடையிலிருந்து கங்காணியும் ஏவ, இருவருக்கும் நடுவே வாழ்ந்த மக்கள், இந்நிலையை விளக்கவுரையின்றியே உணர்ந்திருப்பர். ரதியோ ஏவலுக்கு உட்படாதவள். ஆதலின் அவளாற் கேட்க முடிகிறது. செய்யச் சொன்னவனைச் செய்தவனோடு சேர்த்து ஏன் தண்டிக்கவில்லை என்பதே அவள் நிலையில் நின்று எழும் வினா. கூத்து முழுவதிலும் தெய்வத்தின் எதிரே நிமிர்ந்து நின்று வழக்குரைக்கும் ஒரே பாத்திரம், கணவனை இழந்த இப்பெண்ணே.

இனி, மலையடிக் கிராமத்தின் கதையை நோக்குவோம். சப்ரகமுவவிற் பத்தினித் தெய்வ வழிபாடு வேரூன்றியது. அங்கெலிய எனப்படும் கொம்பிழுக்கும் விளையாட்டும், கம்மடுவ எனப்படும் கிராமச் சடங்கும் பத்தினியோடு தொடர்புடையவை. இச்சடங்கில் 'அம்ப விதமன', அதாவது மாங்கனியை எய்தல், என்றொரு நாடகப் பகுதி உண்டு. மானிடவியலறிஞர் கணநாத் ஒபயசேகர, 1984இல் வெளிவந்த தமது பெருநூலில் இச்சடங்குப் பாடல்களை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

அக்கதை வருமாறு: பாண்டி நாட்டு மன்னனுக்கு நெற்றியில் மூன்றாவது கண் ஒன்று இருந்தது. அதன் செருக்கால் அவன் பிறரை ஒடுக்கினான். உலகின் துயரை உணர்ந்த சக்கரன், அதாவது இந்திரன், முதியவன் வடிவிலே வந்தான். அரசனின் சோலையில் அதிசயமான மாங்கனி ஒன்று தோன்றியிருந்தது. வில்லாளர் எவராலும் அதனை வீழ்த்த முடியவில்லை. முதியவன் எய்தான். மேலே நோக்கிய மன்னனின் நெற்றிக்கண்ணில் மாங்கனியின் பால் தெறித்தது. கண் அவிந்தது. அக்கனியிலிருந்து பத்தினி பிறந்தாள். பின்னர் அவளே மதுரையை எரித்து அம்மன்னனை முற்றாக அழித்தாள்.

சிலப்பதிகாரத்தில் இல்லாத இக்கதை, ஈழத்துத் தமிழருக்குப் புதிதன்று. மட்டக்களப்புப் பகுதியில் வழங்கும் கண்ணகி வழக்குரையிலும் பாண்டியனின் நெற்றிக்கண்ணும் மாங்கனியிற் கண்ணகி பிறந்தமையும் இடம்பெறுகின்றன. அங்கு நிகழும் கொம்பு விளையாட்டு, அங்கெலியவின் உடன்பிறப்பேயாகும். ஆகவே, சிங்களக் கிராமத்தின் இக்கதையும் தென்னகத்தோடும் கிழக்கிலங்கைத் தமிழரோடும் உறவுடைய கதையே. மதுரையில் நெற்றிக்கண்ணுடைய பாண்டிய மன்னன் என்றால், அங்கே சுந்தரபாண்டியனாக முடிசூடியதாகப் புராணம் கூறும் சிவபெருமானின் சாயல் அவ்வுருவத்தில் விழுந்திருத்தல் கூடும்.

இப்போது இரு கதைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். இரண்டிலும் வில்லாளன் ஒருவன் உண்டு. இரண்டிலும் நெற்றிக்கண்ணன் ஒருவன் உண்டு. இரண்டிலும் வில்லெடுக்கக் காரணமானவன் இந்திரன். தோட்டத்துக் கதையில் இந்திரன் தன் ஏவலாளை அனுப்புகிறான். நெற்றிக்கண் வில்லாளனை எரிக்கிறது. கிராமத்துக் கதையில் இந்திரன் தானே வருகிறான். வில்லாளன் நெற்றிக்கண்ணை அவிக்கிறான். ஒரே படிமம் மேட்டிலும் பள்ளத்திலும் நேர்மாறான முடிவுகளைப் பெற்றிருக்கிறது.

இதற்குக் காரணம் யாது? எளிதில் தோன்றும் விடை சமயம். சைவ மரபிற் சிவன் தோற்றல் இயலாது. பௌத்தக் கிராமத்திலோ சக்கரன் அறத்தின் காவலன்; நெற்றிக்கண்ணன் அந்நிய நாட்டுக் கொடுங்கோலன். ஆதலின் முடிவுகள் முன்னரே தீர்மானிக்கப்பட்டவை எனலாம். இவ்விடை சரியானதே, ஆனாற் போதாது. சமயம் கதையின் முடிவை விளக்குகிறது. கதையின் அழுத்தம் எங்கே விழுகிறது என்பதை விளக்கவில்லை. சிவனின் வெற்றியைக் கொண்டாடுவதே நோக்கமாயின், கூத்தின் உச்சம் நெற்றிக்கண் திறப்பதோடு முடிந்திருக்கும். ரதியின் புலம்பலுக்கு அங்கே அத்துணை இடம் வேண்டுவதில்லை.

சமயத்தோடு உழைப்பின் வரலாற்றையும் சேர்த்து நோக்க வேண்டும். சப்ரகமுவ 1815 வரை கண்டி இராச்சியத்தின் ஒரு திசாவனி. அங்குள்ள கிராமத்தாரும் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தைச் செய்தவரே. அது 1832இல் ஒழிக்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் கிராமத்தாரின் காட்டு நிலங்களைத் தோட்டங்களுக்குத் திறந்துவிட்டது. அவர்கள் துயரறியாதவர் அல்லர். ஆயினும் வயலும் ஊரும் தேவாலயமும் அவர்களிடம் எஞ்சின. அரசன் ஒருவன் வீழ்ந்ததை அவர்கள் கண்டிருந்தனர். கொடுங்கோலன் வீழ்வான் என்னும் கதை அவர்களுக்கு நம்பத்தக்கதாய் இருந்திருக்கும்.

தோட்டத் தொழிலாளிக்கோ ஊரும் இல்லை, காணியும் இல்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் ஒப்பந்தத்தை முறித்து வேலையை விட்டு நீங்குதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. கடன் சுமையைச் சீட்டில் எழுதித் தொழிலாளியைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது 1927இல். அதுவரை முறையீடு செய்ய மன்றம் ஏதும் அவனுக்கு எளிதில் எட்டவில்லை. தோட்டத்திற் சட்டமும் நீதியும் தண்டனையும் துரை ஒருவர் கையிலேயே குவிந்திருந்தன. அத்தகைய நிலையில், எரிப்பவன் தோற்கும் கதை நம்பத்தக்கதாய் இராது. எரிந்தவனுக்காக ஒருத்தி வழக்காடும் கதையே நம்பத்தக்கது. வெற்றி கைகூடாத இடத்தில் வழக்கையாவது உயிரோடு வைத்திருத்தல் என்பதே காமன் கூத்தின் வரலாற்றுப் பணி என்பது எம் கருத்து.

இதற்கு மறுப்பு உண்டு. மானிடவியலறிஞர் மக்ஸ் குளுக்மன், 1950களில் ஆபிரிக்கச் சடங்குகளை ஆராய்ந்து, ஆண்டுக்கொருமுறை மன்னனை இகழ்ந்து ஆடும் சடங்குகள் மன்னராட்சியை வலுப்படுத்தவே உதவுகின்றன என்று வாதிட்டார். அடைபட்ட ஆவி ஒரு துளை வழியே வெளியேற, கலம் உடையாது நிலைக்கும். அவ்வாறாயின், இரவெல்லாம் ரதியோடு அழுத மக்கள் விடிந்ததும் பிரட்டுக்குச் சென்று நின்றனர் என்பதே காமன் கூத்தின் முழுப்பயன் ஆகிவிடும். இம்மறுப்பை எளிதிற் புறந்தள்ள முடியாது. கூத்து ஆடியதால் எந்தத் தோட்டத்திலும் கூலி உயர்ந்ததில்லை. தொழிலாளரின் எழுச்சி சங்கங்களின் வழியே வந்தது. கோ. நடேசய்யர் 1931இல் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். 1940இல் முல்லோயாத் தோட்டத்திற் கோவிந்தன் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். 1946இற் கேகாலைப் பகுதியின் நேவ்ஸ்மியர் தோட்டத்திலே, காணியை அரசு சுவீகரித்தபோது தொழிலாளர் லயங்களை விட்டு வெளியேற மறுத்தனர். இவை கூத்தின் விளைவுகள் எனக் கூறுதல் ஆராய்ச்சி நெறியாகாது.

ஆயினும் குளுக்மனின் கோட்பாடு ஒன்றைக் கணக்கிற் கொள்ளவில்லை. அவர் கூறும் சடங்கின் முடிவில் மன்னன் மீண்டும் போற்றப்படுகிறான், ஐயம் தீர்கிறது. காமன் கூத்தில் ஐயம் தீர்வதில்லை. காமன் உயிரோடு இருக்கிறான், ஆனால் உலகம் காணாது. அவன் எரிந்தானா, எரியவில்லையா? தஞ்சைப் பகுதியில் இதே விழாவையொட்டி எழுந்த லாவணி என்னும் தர்க்கப் பாட்டில், எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரு கட்சிகள் விடியவிடிய வாதிடுவது வழக்கம். ஒருவனைத் தெய்வம் எரித்தது என்று ஒப்பினாலும், அவன் அழிந்தான் என்று ஒப்ப மறுக்கும் உரிமையை இம்மரபு மக்களுக்கு விட்டுவைத்துள்ளது. தீர்க்கப்படாத வழக்கு ஆண்டுதோறும் மீண்டும் விசாரணைக்கு வருகிறது. அடைபட்ட ஆவியை வெளியேற்றும் துளை எனின், ஆவி தீர்ந்ததும் அதன் வேலை முடியும். இங்கு வேலை முடிவதில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்களாகப் பங்கிட்டது. உலகின் கண்ணுக்குப் புலனாகாமல் வாழ்தல் என்னும் காமனின் வரம், ஆவணங்களில் இல்லாது தேயிலைச் செடிகளுக்கிடையே வாழ்ந்த ஒரு தலைமுறையின் நிலையாகவே ஆயிற்று. 2003ஆம் ஆண்டின் சட்டமே எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கிற்று. இதற்கிடையே 1977இலும் 1981இலும் சப்ரகமுவத் தோட்டங்கள் இன வன்செயலுக்கு இலக்காயின. 1981 ஓகத்தில் இரத்தினபுரி மாவட்டத்து லயங்கள் எரிக்கப்பட்டபோது, ஒருவரையொருவர் கேட்கும் தூரத்தில் வாழ்ந்தோர் ஒருவரையொருவர் அறியாதிருந்தமையின் விலை தெரிந்தது. பலர் வன்னிக்கும் இந்தியாவுக்கும் பெயர்ந்தனர். அவரோடு பாட்டறிந்தோரும் பெயர்ந்தனர். தப்பும் காப்பும் இருந்தும் பாடத் தெரிந்தவர் இல்லாமையாற் கூத்தை நிறுத்திய தோட்டங்கள் உண்டு.

இதனால் இப்பொருள் ஏட்டாராய்ச்சியோடு முடிவதாகாது. கிராமத்தாரின் சடங்குப் பாடல்கள் அறிஞர் முயற்சியால் நூலேறிவிட்டன. காமன் கூத்துப் பாடல்களோ, தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும் பாடபேதங்களுடன், இன்னும் பெரும்பாலும் முதியோர் நினைவிலேயே தங்கியுள்ளன. புராணத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்துவதற்காக அவற்றைத் தேடுவோர், ரதியின் குரலை இழந்துவிடுவர். புராணத்திலிருந்து மாறுபடும் இடங்களே தோட்டத்து மக்கள் தம் கையாற் சேர்த்த பகுதிகள். அவ்விடங்களையே முதலிற் பதிய வேண்டும். சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் வந்த மாணவர் ஒவ்வொருவரும், விடுமுறையிலே ஒரு கூத்தாசிரியரின் பாடலையேனும் ஒலிப்பதிவு செய்து, பாடியவரின் தோட்டமும் ஆண்டும் குறித்துச் சங்க நூலகத்திற் சேர்ப்பரேல், அது பெரும்பணியாகும். சிங்கள மாணவ நண்பரோடு அமர்ந்து, மாங்கனியை எய்த கதையையும் மலரம்பு எய்த கதையையும் ஒருங்கே வாசிப்பது அதனினும் நற்பணியாகும்.

அத்ரகாசிஸ் காப்பியத்தின் களிமண் ஏடுகள், தெய்வத்தின் வாயிலை முற்றுகையிட்டோரின் முறையீட்டை மூவாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காத்துத் தந்துள்ளன. ரதியின் வழக்கைக் காப்பது மனித நினைவு மட்டுமே. அந்நினைவுக்குரியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர்.